பனிக்கு வாங்கிய டயர்

“எங்க வூட்டுக்காரரு திருடன் இல்ல மேடம். அத மட்டும் கண்டுபுடிச்சிக் குடுங்க. வேற ஒண்ணும் வாணாம்.”

ரமாபாய் இதைச் சொன்னபோது அழவில்லை. அழுகையெல்லாம் தீர்ந்தபிறகு மிச்சமிருக்கிற குரலில் பேசினாள். ஜானட் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

ராயபுரத்தில், மீனுக்கு ஐஸ் உடைக்கிற ஃபேக்டரி ஒன்றின் மாடியில் இருந்தது ஜானட்டின் துப்பறியும் அலுவலகம். பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் கொடுத்தவள், அந்த வேலை அலுத்துப்போய் இதை ஆரம்பித்திருந்தாள். கீழே இயந்திரம் ஐஸ் பாளங்களை நொறுக்குகிற சத்தத்தில் எதிராளி பேசுவதே பாதிதான் கேட்கும். ஒட்டுக்கேட்க வருகிறவன் ஏமாந்து போவான், அதுதான் நம்ம செக்யூரிட்டி என்பான் அவளுடைய உதவியாளன் வெற்றி. அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் வியாசர்பாடியில் பெயர் வாங்கிய கோல்கீப்பர். இப்போது ஜானட்டுக்கு ஆட்டோ ஓட்டுவது, கதவு திறப்பது, தேவைப்பட்டால் கதவை உடைப்பது எல்லாம் அவன்தான்.

ரமாபாய் மாநகராட்சி சுகாதார மையத்தில் மருந்து கொடுக்கிறவள். வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில். கணவன் அன்புமணி எண்ணூரில் ஒரு மண் பரிசோதனைக் கம்பெனியில் டிரைவர். பாலமோ சாலையோ எது கட்டுவதானாலும் முதலில் போய் நிலத்தைத் துளைத்து மண் எடுத்துப் பார்க்கிற கம்பெனி அது. அங்கே ஒரே மாடலில் இரண்டு பிக்கப் வண்டிகள் இருந்தன. நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகிற வண்டிகள். போன நவம்பரில் இரண்டையும் ஹிமாச்சல் மலைக்கு அனுப்பினார்கள். துளை போடுகிற மெஷினை ஏற்றிய வண்டியை அன்புமணி ஓட்டினான். குழாய்களை ஏற்றிய இன்னொரு வண்டியை ஓட்டினது ரமாபாயின் தம்பி பீம்ராவ். அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே அன்புமணிதான்.

மலையில் முதல் பனி விழுந்த அன்று ஒரு வளைவில் அன்புமணியின் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் போனது. அவன் பிழைக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் ரமாபாய் இங்கே வந்திருக்க மாட்டாள். இன்சூரன்ஸ்காரர்கள் விசாரிக்க வந்தபோது கம்பெனி மேனேஜர் ஒன்று சொன்னார். மெஷின் வண்டிக்காகப் பனியில் ஓடுகிற புது டயர் வாங்கிக் கொடுத்தோம், விழுந்து கிடந்த வண்டியில் இருந்தது வேறு டயர், நல்ல டயரை டிரைவர் வழியில் விற்றுவிட்டார் போலிருக்கிறது என்றார். அந்தப் பேச்சு கம்பெனியிலிருந்து குடியிருப்புக்கு வந்தது. குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனது. பத்தாவது படிக்கிற மகள் மகிழினியை ஒருத்தி ‘டயர் திருடன் பொண்ணு’ என்று கூப்பிட்டிருக்கிறாள். அன்றிலிருந்து மகிழினி வீட்டில் அப்பா என்ற வார்த்தையையே சொல்வதில்லை.

“அவளும் நம்பிட்டாளோன்னு பயமா கீது மேடம்” என்றாள் ரமாபாய்.

அக்காவுக்குப் பக்கத்தில் பீம்ராவ் உட்கார்ந்திருந்தான். இருபத்துநாலு வயசு, ஒடிசலான உடம்பு. வந்ததிலிருந்து தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விபத்து நடந்தபோது பின்னால் வந்தது நீதானே என்று ஜானட் கேட்டாள். ஆமாம் என்று தலையசைத்தான். வழியில் டயர் மாற்றியதைப் பார்த்தாயா என்றதற்கு, கவனிக்கவில்லை என்று முணுமுணுத்தான்.

ரமாபாய் தன் போனில் இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்று கிளம்பிய அன்று எடுத்தது. அன்புமணி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, புது டயர்மேல் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். சக்கரத்தின் இரும்பு ரிம் பளிச்சென்று நீலமாக இருந்தது. வருஷா வருஷம் ஏப்ரல் பதினாலுக்கு முன்னால் நாலு ரிம்முக்கும் நீலம் பூசுவான், மேனேஜர் திட்டினாலும் கேட்கமாட்டான் என்றாள். இரண்டாவது படம் மேனேஜர் அனுப்பியது. வெள்ளைப் பனியில் மல்லாந்து கிடக்கிற வண்டி. நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்து நின்றன.

ஜானட் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, டயர் வாங்கின கடை எது என்று கேட்டுக்கொண்டு, சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தாள்.

அவர்கள் படி இறங்கியதும் வெற்றி வாயைத் திறந்தான்.

“பனி டயராம்க்கா. நம்மூர்ல பனின்னா மார்கழில மூக்கு ஒழுவும், அவ்ளோதான். இத எவன் வாங்குவான், எவன் விப்பான்?”

“வித்தவனத்தான் முதல்ல பார்க்கப்போறோம். வண்டிய எடு” என்றாள் ஜானட்.

* * *

திருவொற்றியூரில், காலடிப்பேட்டை தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது தவசிமுத்துவின் டயர் கடை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்களின் டயர்கள் வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தவசிமுத்து திசையன்விளைப் பக்கத்துக்காரர். இங்கே வந்து கடை போட்டு முப்பது வருஷமாகியும் பேச்சில் ஊர் போகவில்லை. அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

அன்புமணி பெயரைச் சொன்னதும் அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

பனிக்கு டயர் வேண்டும் என்று கேட்டு வந்த ஒரே ஆள் அவன்தான் என்றார். ஒரு காலைப்பொழுது முழுக்க இங்கேயே உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டானாம். அவர் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டுவந்து பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திக் காட்டியிருக்கிறார். ஒன்று பட்டன் டயர். சேற்றுக்கானது. ஒவ்வொரு ரப்பர் கட்டியும் முஷ்டி அளவு இருக்கும். பார்க்கிற எவனும் அதுதான் பலசாலி என்று சொல்வான். ஆனால் குளிர் ஏறினால் அந்த ரப்பர் கல்லாக இறுகிவிடும், உறைந்த ரோட்டில் கண்ணாடிமேல் வைத்த கல் மாதிரி வழுக்கும். இன்னொன்று எல்லாத் தரையிலும் ஓடுகிற டயர். அதன் கட்டிகள் சின்னவை, ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறினதுபோல் மெல்லிய கோடுகள். குளிரிலும் ரப்பர் மிருதுவாகவே இருக்கும், ஒவ்வொரு கீறலும் பனியைக் கவ்விப் பிடிக்கும்.

“சைடுல மூணு முகடு வச்ச மலையும், அதுக்குள்ள பனிப்பூவும் படமா போட்டிருக்கும். அது பனியில ஓட்டிப் பார்த்து, பாஸானாத்தான் போடுவாவ. சேறு, பனிக்குன்னு எம், எஸ் எழுத்து மட்டும் இருந்தா நம்பக்கூடாது. அது கம்பெனிக்காரன் தானே சொல்லிக்கிடறது” என்றார்.

அன்புமணி அந்தக் கீறல்களைக் கட்டைவிரல் நகத்தால் விரித்து விரித்துப் பார்த்தானாம். பிறகு இரண்டு வண்டிக்கும் சேர்த்து எட்டு டயர் கேட்டிருக்கிறான். அந்த சைஸில் மலைப்படம் போட்டது அப்போது ஊர் முழுக்கத் தேடியும் நாலுதான் கிடைத்தது. இன்னொரு செட் டெல்லியிலிருந்து வரவேண்டும், நாளாகும். அவன் அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டுக் கிளம்புவதைத் தள்ளிவைக்கச் சொன்னான். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. விலை அதிகமான மெஷின் இருக்கிற வண்டிக்கு நல்ல டயரைப் போடு, இன்னொன்றுக்கு அந்தப் பட்டன் டயரைப் போடு, அதுவே பார்க்க முரட்டுத்தனமாகத்தானே இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

“அப்புறம் அந்தத் தம்பி என்னய ஒண்ணு கேட்டாரு” என்று தவசிமுத்து நெற்றியைத் தேய்த்தார். “ஆளுக்கு ரெண்டா பிரிச்சுப் போட்டா ஆவாதான்னாரு. நான்தான் சத்தம் போட்டேன். முன்னால பிடிச்சு பின்னால வழுக்குனா வண்டி பம்பரமா சுத்திரும், போட்டா நாலும் ஒண்ணுபோல போடணும்னேன். அந்தப் பட்டன் டயரையே பார்த்துட்டு நின்னாரு.”

போகும்போது, எதற்கும் அந்த இரண்டாவது செட்டை வரவழைத்து வையுங்கள் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

கடையின் மூலையில் பிளாஸ்டிக் தாள் சுற்றின நாலு டயர்கள் நின்றன. வந்து சேர்ந்தபோது கேட்டவன் உயிரோடு இல்லை. வேறு யாருக்கும் தேவைப்படாமல் அப்படியே நிற்கின்றன. ஜானட் ஒன்றின் தாளை விலக்கி அந்த மலைப்படத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஏதோ கிண்டலாகச் சொல்ல வந்த வெற்றி அதை விழுங்கிக்கொண்டு வெளியே போனான்.

ஆட்டோவில் ஏறியதும் ஜானட், கம்பெனியின் அந்த இரண்டாவது வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும் என்றாள். வெற்றி உடனே கம்பெனிக்குப் போன் போட்டான். தன்னைக் கும்மிடிப்பூண்டி கோழிப்பண்ணை முதலாளி என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, பழைய பிக்கப் ஏதாவது கொடுப்பீர்களா, என் கோழிகளுக்கு ஏசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று விசாரித்தான். எதிர்முனையில் இருந்தவன் சிரித்துக்கொண்டே, இருந்ததை மலையிலிருந்து வந்த வாரமே மேனேஜர் தள்ளிவிட்டார், எண்ணூரில் படகு வைத்திருக்கிற ஒரு அம்மா வாங்கிக்கொண்டு போனார்கள் என்றான்.

“வந்த வாரமேவா? ஓடுற வண்டிய இன்னாத்துக்குக்கா அவ்ளோ அவசரமா விக்கணும்?”

“அதைத்தான் வண்டிகிட்ட கேட்கப்போறோம்” என்றாள் ஜானட்.

* * *

எண்ணூர் கடற்கரையில் மதிய வெயில் கொளுத்தியது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தூரத்தில் நின்றன. படகுகளைத் தண்ணீருக்குள் தள்ளவும் கரைக்கு இழுக்கவும் வண்டிகள் போய்வந்த தடம் ஈரமணல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது.

ஜானட் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து நடந்தாள். என்ன தேட வேண்டும் என்று வெற்றி கேட்டான்.

“இரண்டாவது வண்டிக்குப் போட்டது பட்டன் டயர். அண்ணாச்சி காட்டினாரே, முஷ்டி மாதிரி. அது மணல்ல எப்படி விழும்?”

குழி குழியாக விழும் என்று வெற்றி சொன்னான். டிராக்டர் தடங்கள் இருந்தன. டிரை சைக்கிள் தடம் இருந்தது. பெரிய குழித் தடம் எங்குமே இல்லை. தண்ணீர் ஓரத்தில் புதிதாக விழுந்த ஒரு தடத்துக்குமுன் வெற்றி நின்றான். சின்னச் சின்னக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் மெல்லிய கோடுகள் மணலில் பதிந்திருந்தன. அவன் ஜானட்டைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

அந்தத் தடம் அவர்களை ஒரு பிக்கப் வண்டியிடம் கொண்டுபோய் விட்டது. பின்னால் கயிறு கட்டி ஒரு ஃபைபர் படகை இழுத்துவிட்டு அது அப்போதுதான் ஓய்ந்து நின்றது. பக்கத்தில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள் சிலுவையம்மாள். படகும் வண்டியும் அவளுடையவை. ஜானட் டயரின் பக்கவாட்டைத் துடைத்தாள். மூன்று முகடு, நடுவில் பனிப்பூ.

டயர் பிறகு மாற்றினதா என்று வெற்றி கேட்டதற்கு சிலுவையம்மாள் இல்லை என்றாள்.

“வாங்கும்போதே இதான் நைனா. மணலுக்குன்னே செஞ்சாப்ல கீது. ஆனா தார் ரோட்டுல போனா ரப்பரு கரஞ்சிகினே வருது. அதான் ரோட்டுக்கே எடுத்துகினு போறதில்ல.”

ஜானட் கைப்பையிலிருந்து ஆட்டோ சாவி அளவுக்கு ஒரு சிறிய கத்தியை எடுத்தாள். ரிம்மின்மேல் உப்பும் சேறும் காய்ந்து அப்பியிருந்தன. அதைச் சுரண்டினாள். உள்ளே நீலம் தெரிந்தது. அடுத்த சக்கரத்திலும் நீலம். நாலிலும் நீலம்.

வெற்றி தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். காலையில் படத்தைப் பார்த்தபோதே தெரியுமா என்று கேட்டான். பாதி தெரியும் என்றாள் ஜானட். பனியில் கிடந்த வண்டியில் ரிம்கள் கறுப்பாக இருந்தன. டயரை விற்கிறவன் ரப்பரைக் கழற்றித்தான் விற்பான். ரிம் அவனிடமே இருக்கும், அதே நீலம் அப்படியே இருக்கும். ரிம்மும் சேர்ந்து மாறியிருந்தால் அது விற்பனை இல்லை. அதே மாடல் வண்டி ஒன்றோடு சக்கரத்தைச் சக்கரமாக மாற்றிக்கொண்டது.

“அப்ப அந்தப் பையன்… மாமன் தூங்கச்சொல்ல கயட்டிகினானா?”

“நாலு சக்கரம் வெற்றி. ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல நிக்கணும், ரெண்டு பேரும் ஜாக்கி போட்டுக் குனியணும். அந்தக் கீறல நகத்தால விரிச்சு விரிச்சுப் பார்த்த மனுஷன், தன் வண்டில பட்டன் டயர் மாட்டியிருக்கிறது தெரியாம பனில ஓட்டுவாரா?”

வெற்றி மணலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

மேனேஜரைப் பற்றி ஜானட்டுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இரண்டாவது வண்டி மலையிலிருந்து திரும்பியதுமே நீல ரிம்மை அவர் பார்த்திருப்பார். பனிக்கு ஆகாத டயரோடு ஒரு வண்டியை அனுப்பிவைத்ததே தாங்கள்தான் என்பது வெளியே வந்தால் பழி கம்பெனிமேல் விழும். அதனால் வண்டியை விற்றுத் தள்ளினார். செத்தவன் வாய் திறக்கமாட்டான் என்று பழியை அவன்மேல் போட்டார்.

ஆனால் உயிரோடு இருக்கிற ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

* * *

சாயங்காலம் வியாசர்பாடி மைதானத்தில் பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து பீம்ராவ் தனியாக உட்கார்ந்திருந்தான். ஜானட் தள்ளியே நின்றுகொண்டாள். வெற்றிதான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்சநேரம் இருவரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். பிறகு வெற்றி மெதுவாக, எண்ணூரில் நீல ரிம் நாலையும் பார்த்துவிட்டு வந்தோம் என்றான்.

பீம்ராவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. மறைக்கவேண்டிய சுமை இறங்கினதாலோ என்னவோ, அவன் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

மலை ஏறும்போது பனி பொடியாகத்தான் விழுந்தது. கடைசியாக வந்த ஊரில் டயரில் கட்டுகிற சங்கிலி கேட்டார்கள். வாடகைக்கு இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. அங்கேயே தங்கிவிடலாம் என்று அன்புமணி மேனேஜருக்குப் போன் செய்தான். பாதையை மூடிவிடுவார்கள், அதற்குள் போய்ச் சேருங்கள் என்று மேனேஜர் விரட்டினார். கொஞ்சதூரம் ஏறியதும் பீம்ராவின் வண்டி பிரேக்கைக் கேட்காமல் சறுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நின்றது. அவன் இறங்கி, ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். இனிமேல் ஓட்டமாட்டேன் என்று அழுதான். சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன் என்றான் இப்போது.

அன்புமணி அவனைத் திட்டவில்லை. பக்கத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அதன் முன்னால் இரண்டு வண்டியையும் நிறுத்தச் சொல்லி, ஜாக்கியை எடுத்தான். என்ன செய்யப்போகிறான் என்று தெரிந்ததும் பீம்ராவ் வேண்டாம் என்றான். ஹார்பரில் ஆயில் கொட்டின ரோட்டில் இருபது வருஷம் டிரெய்லர் ஓட்டின கைடா இது என்று அன்புமணி சொன்னான். கை விறைத்துப்போய் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, ஒவ்வொரு சக்கரமாக மாற்றினார்கள். கடைசி நட்டை முடுக்கிவிட்டு அன்புமணி அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு, நான் முன்னால் போகிறேன், என் தடத்திலேயே வா என்று சொல்லிவிட்டு ஏறினான்.

“அந்த வளைவுல ரெண்டு பேருமே பிரேக் அட்சோம்ணே” என்றான் பீம்ராவ். “என் வண்டி நின்னுச்சு. மாமா வண்டி நிக்கல.”

வெற்றி திரும்பி ஜானட்டைப் பார்த்தான்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று ஜானட் பக்கத்தில் வந்து கேட்டாள். ஊருக்கு வந்தபோது மேனேஜர் தன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதைச் சொன்னான். கம்பெனிக்குத் தெரியாமல் டயரை மாற்றியது உங்கள் குற்றம், வாயைத் திறந்தால் உன்மேல்தான் கேஸ் வரும் என்றாராம். அதுகூடப் பெரிதில்லை என்றான். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் அவள் வீட்டுக்குப் போவான். அவள் சோறு போடுவாள். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவான்.

“இன்னைக்கு நாங்க சொல்லட்டுமா, நீயே சொல்றியா?” என்றாள் ஜானட்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

* * *

ரமாபாய் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். ஜானட்டையும் வெற்றியையும் பார்த்ததும் அவசரமாக நாற்காலிகளைத் துடைத்தாள். மகிழினி உள்ளறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பீம்ராவ் உட்காரவில்லை. வாசற்படிக்கு உள்ளே நின்றபடியே, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், முதலிலிருந்து சொன்னான். நடுவில் இரண்டு முறை நின்றான். இரண்டு முறையும் யாரும் அவனுக்கு உதவவில்லை.

அவன் முடித்தபோது ரமாபாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பீம்ராவ் அவள் முன்னால் மண்டியிட்டான். என்னை அடி அக்கா என்று அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அவள் கை அசையவில்லை.

“கெளம்பற அன்னிக்கி நான் அவரு கைய புட்சிகினு சொன்னேன்டா” என்றாள். ரொம்பச் சின்னக் குரல். “எந்தம்பிக்கு மல ரோடு பயக்கமில்ல, அவன பத்ரமா என் கைல கொண்டாந்து குடுத்துடுன்னேன். நான்தான் சொன்னேன்.”

ஜானட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். இன்று காலையில் இந்தப் பெண் கேட்டதையேதான் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கொடுக்காமலே இருந்திருக்கலாமோ என்று முதன்முறையாகத் தோன்றியது.

ரமாபாய் தம்பியின் தலையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். அவனை மன்னித்துவிட்டாளா, அல்லது கையில் வந்து சேர்ந்ததைப் பிடித்துக்கொண்டாளா என்று சொல்ல முடியவில்லை. அதன்பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வறண்டுபோனது என்று ஜானட் நினைத்த குரலிலிருந்து அப்படி ஒரு அழுகை.

உள்ளறை வாசலில் மகிழினி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. நேராக மாமனைத்தான் பார்த்தாள்.

“அப்ப எங்கப்பா எதையும் விக்கல” என்றாள்.

பீம்ராவ் தலையைத் தூக்கி, இல்லை என்று அசைத்தான்.

“கடைசில அப்பா வண்டில யாரோட டயரு இருந்துச்சு?”

“என்னுதும்மா.”

மகிழினியின் உதடு துடித்தது. கடித்து நிறுத்தினாள்.

“நாளைக்கு என் ஸ்கூலுக்கு வா மாமா. எங்க கிளாசுக்கு வந்து, இப்ப சொன்ன மாதிரியே, எல்லார் எதிர்லயும் சொல்லு. அப்புறம் எங்க வேணா போ.”

மறுநாள் காலையில் பீம்ராவ் போனான். தலைமை ஆசிரியையிடம் ஜானட் பேசி அனுமதி வாங்கியிருந்தாள். பத்தாம் வகுப்புப் பெண்கள் முன்னால் நின்று, வேர்த்து, வார்த்தை தடுமாறி, தன் மாமன் பனியில் மண்டியிட்டு நட்டு கழற்றினதை அவன் சொன்னான். அன்று முழுதும் அந்த வகுப்பில் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்று பிறகு ஆசிரியை சொன்னார்.

அங்கிருந்து அவன் ஜானட்டோடு போலீஸ் நிலையத்துக்கும், பிறகு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கும் போய் வாக்குமூலம் கொடுத்தான். மத்தியானமே கம்பெனியில் அவன் வேலை போயிற்று. மேனேஜரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சிலுவையம்மாள் தன் வண்டியை யாரும் கேட்பதற்குமுன் தானே ஓட்டிக்கொண்டுவந்து போலீஸ் நிலையத்தில் நிறுத்தினாள். நாலு ரிம்மையும் கழுவித் துடைத்திருந்தாள்.

சாட்சிக்காகச் சக்கரங்களைப் படம் எடுத்தபோது ரமாபாயும் வந்திருந்தாள். போலீஸ்காரர் நகரச் சொல்லும்வரை முன்சக்கரத்தின் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். எழுந்திருக்கும்முன் டயரின் கீறல் ஒன்றை விரல் நகத்தால் விரித்துப் பார்த்தாள். உள்ளே எண்ணூர் மணல்தான் இருந்தது.

“ரொம்ப மெத்துன்னு கீது” என்றாள் ஜானட்டிடம். “நல்லதாத்தான் பார்த்து வாங்கிக்கீறாரு.”